கார் ஷெட்டில் ஒரு வகுப்பு

கொரோனா வந்து பல்கலைக்கழகத்தைப் பூட்டியதிலிருந்து, தற்காலிக விரிவுரையாளர் செண்பகவல்லி செல்போனுக்குத்தான் பாடம் நடத்தினாள். திரையில் பிள்ளைகளின் பேர் மட்டும் தெரியும். முகமும் கிடையாது, குரலும் கிடையாது. ஏக்கம் தாங்காமல், நேரில் வகுப்பு நடத்த அனுமதி கேட்டுப் பதிவாளர் வேதமாணிக்கத்திடம் போய் நின்றாள்.

பதிவாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மழை ஒழுகாத கூரை வேணும். நாலு பக்கமும் காத்து வரணும். ஒருத்தர் மூச்சு அடுத்தவர் மேல படாத இடைவெளி வேணும். அப்படி ஓர் இடம் இந்த வளாகத்துல இருந்தா காட்டும்மா, நாளைக்கே வகுப்பைத் திறக்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இருக்கு சார். உங்க கார் ஷெட்."

சிரிப்பு நின்றது.

"கூரை இருக்கு, சுவர் இல்ல. ஒரு கார் இன்னொரு காரை உரசக் கூடாதுன்னு நீங்களே கட்டம் போட்டு வச்சிருக்கீங்க. கட்டத்துக்கு ஒரு பிள்ளை உட்காரட்டும்."

நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லைப் பதிவாளரால் விழுங்க முடியவில்லை. மறுநாள் பதிவாளரின் கார் வெயிலில் காய்ந்தது.

முகக்கவசம் போட்ட பிள்ளைகள் கட்டத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். செண்பகவல்லி பேர் வாசிக்க, "உள்ளேன் அம்மா" என்று குரல் குரலாக வந்தது. கடைசிப் பேர் வரை வாசித்தவள், திரும்பவும் முதல் பேரிலிருந்து தொடங்கினாள்.

"அதான் வருகை எடுத்தாச்சே?" என்றார் வேடிக்கை பார்க்க வந்த பதிவாளர்.

"அது ஆபீசுக்கு சார். இது எனக்கு."