ரெண்டு பேர் பேசுற சத்தம்

எல்லாரும் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்ட ஊரில் வெள்ளத்தாய் ஒருத்திதான் பாக்கி. அவள் வீட்டை ஒட்டி டேட்டா சென்டர் எழும்பியிருந்தது. அனுமதி கொடுக்குமுன் ஜெனரேட்டர் சத்தத்தைச் சோதிக்க அதிகாரி வந்தார்.

"சட்டத்துக்கு உட்பட்டுத்தான் சார். ரெண்டு பேர் பேசுற சத்தம்கூட வராது," என்றார் மேனேஜர்.

"அப்ப அதை ஓடவிட்டு எங்கூட ரெண்டு வார்த்தை பேசுங்கய்யா. எங்கிட்ட ஆள் பேசி நாளாச்சு," என்றாள் வெள்ளத்தாய்.

ஓடவிட்டார்கள். அவள் மேனேஜரைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்னம்மா? காதுல விழல! கத்திச் சொல்லு!" என்று அலறினார் மேனேஜர்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அனுமதி கிடையாது என்று சொல்லி ஜெனரேட்டரை நிறுத்தவைத்தார். ஜீப்பில் ஏறி, அது நகரும்போது, "அப்படி என்னதாம்மா சொன்னீங்க?" என்று கேட்டார்.

"சாப்பிட்டுட்டுப் போங்கன்னேன்யா. மூணு பேருக்கு உலை வச்சிருக்கேன்."

ஜீப் அதற்குள் தெருவைத் தாண்டியிருந்தது.