மான் கேட்ட ஒரு கேள்வி

அந்தக் காட்டில் கோடையில் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான். அதில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று முடிவு செய்பவர் குளத்துக் காவலர். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா விலங்குகளும் கூடி அவரைத் தேர்ந்தெடுக்கும்.

மூன்று ஆண்டுகளாகக் காட்டுப்பன்றிகள்தான் ஜெயித்து வந்தன. விடியும் முன்பே அவை குளத்தில் இறங்கிப் புரளும். மற்றவர்களுக்கு மிஞ்சியது சேறுதான்.

இந்த முறை எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று புல் மேய்பவர்கள் ஓர் அணியாகச் சேர்ந்தார்கள். மூன்று பேர் போட்டியிட விரும்பினார்கள்: கம்பீரன் என்ற மிளா மான், கருங்கல்லன் என்ற காட்டெருமை, வேகன் என்ற முயல். மூவரும் பாறைமேல் நின்று பேசட்டும், கேட்டுவிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்போம் என்று முடிவாயிற்று.

அதைக் கேட்கக் கொன்றை என்ற புள்ளிமான் உச்சி வெயிலில் நடந்து வந்தாள். போன கோடையில் சேற்றுத் தண்ணீர் குடித்து அவளுடைய குட்டி ஒன்று வயிறு வீங்கிச் செத்துப்போனது. இந்த ஆண்டுக் குட்டியைப் புதரில் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தாள். கால்கள் கெஞ்சின. மருதி என்ற இளைய மானின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கூட்டத்தை நடத்திய மைனா, "யாருக்கு என்ன கேள்வி?" என்றது.

கொன்றை எழுந்தாள். "காலையில் பன்றிகள் கலக்குவதற்கு முன்னால் குட்டிகளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்க என்ன செய்வீர்கள்?"

"அருமையான கேள்வி, தாயே!" என்றான் கம்பீரன். "என்னைப் பார்த்தாலே பன்றிகள் நடுங்கும்!"

"எதைப் பார்த்து நடுங்கும்? உன் கொம்புதான் போன மாதமே உதிர்ந்து விழுந்துவிட்டதே!" என்றான் கருங்கல்லன்.

"நீ மட்டும் என்ன யோக்கியமா? நீ ஒருவன் குளத்தில் இறங்கினால் பத்துப் பன்றி கலக்கும் சேற்றைக் கலக்கிவிடுவாய்!"

கூட்டம் குளம்பால் தரையைத் தட்டி ஆரவாரித்தது. கொன்றைக்கும் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுவதும் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

"இருவரையும் நம்பாதீர்கள்!" என்று துள்ளினான் வேகன்.

"செந்நாய் வந்தபோது முதலில் ஓடியவன் பேசுகிறான் பாரு!" என்று இருவரும் அவன்மேல் பாய்ந்தார்கள்.

நேரம் பார்த்துக்கொண்டிருந்த மரங்கொத்தி, நேரம் முடிந்தது என்று மரத்தில் தட்டியது. யாரும் நிறுத்தவில்லை. அது அலகு வலிக்கத் தட்டிவிட்டுப் பறந்துபோனது.

"அக்கா, யார் நன்றாகப் பேசினார்கள்?" என்றாள் மருதி.

"எல்லாரும் நன்றாகத்தான் திட்டினார்கள்," என்றாள் கொன்றை. "அதோ, முள்ளன் ஏன் வந்திருக்கிறான்?"

பன்றிகளின் தலைவன் முள்ளன் கூட்டத்தின் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேடிக்கை பார்க்க வந்திருப்பான். விடு அக்கா!"

கடைசியில் கருங்கல்லனே வேட்பாளர் ஆனான். பத்து நாள் கழித்துக் காடே கூடியது. கருங்கல்லன் நெடுநேரம் முழங்கினான். பிறகு முள்ளன் வந்தான்.

"பெரியோர்களே, கருங்கல்லனைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவருடைய நண்பர் கம்பீரன் சொன்னதைத்தான் சொல்கிறேன். இவர் ஒருவர் இறங்கினால் பத்துப் பன்றி கலக்கும் சேறு கலங்குமாம்! கம்பீரன் ஐயா, நீங்கள் சொன்னது பொய்யா?"

பொய் என்றால் கம்பீரன் பொய்யன். மெய் என்றால் கருங்கல்லனின் கதை முடிந்தது. குரங்குகளும் முள்ளம்பன்றிகளும் விழுந்து விழுந்து சிரித்தன. கொன்றை தலையைக் குனிந்துகொண்டாள்.

நான்காவது ஆண்டும் பன்றிகளே ஜெயித்தன.

"எல்லாம் உன்னால்தான்!" என்று கருங்கல்லன் கத்தினான்.

"உன்னை நிறுத்தியதே தப்பு!" என்று கம்பீரன் கத்தினான். பிறகு கொன்றையின் பக்கம் திரும்பினான். "நீயே சொல், கொன்றை! தப்பு யாருடையது?"

"சிரித்தேனே, எனக்கும் அதில் பங்கு உண்டு," என்றாள் கொன்றை. "என்னை விடுங்கள். இரண்டு மலை தாண்டி ஓர் ஊற்று இருக்கிறதாம். வெயில் ஏறுவதற்குள் குட்டியை அங்கே கூட்டிப் போக வேண்டும்."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். குட்டி தள்ளாடித் தள்ளாடிப் பின்னால் வந்தது. வழியில் இரண்டு முறை அது படுத்துக்கொண்டது. இரண்டு முறையும் அவள் மூக்கால் முட்டி எழுப்பினாள்.

தன் அணிக்காரனை வீழ்த்த ஒருவன் சொல்லும் வசையையும், அதைக் கேட்டுக் கூட்டம் தட்டும் கையையும் எதிரி பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறான்.