பதின்மூன்றாம் கட்டம்

முன்பு ஒரு மாநிலத்தின் புள்ளியியல் அலுவலகத்தில் ஒரு படிவம் வேலை பார்த்து வந்தது. அதற்குப் பன்னிரண்டு கட்டங்கள். உப்பளத்துக்குப் போனால் உப்பு மூட்டைகளை எழுதிக்கொண்டு வரும். நூற்பாலைக்குப் போனால் நூலின் எடையை எழுதிக்கொண்டு வரும். ஒரு கட்டம்கூடக் காலியாக அது திரும்பியதே இல்லை. அந்தப் பெருமை அதற்கு நிறையவே உண்டு.

ஒரு வருஷம் புது உத்தரவு வந்தது. முதியவர்களையும் முடியாதவர்களையும் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் மாநிலத்தின் உற்பத்தியில் எவ்வளவு சேர்க்கின்றன என்று அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் காப்பகத்தை மூடி, அடுத்த ஊர்க் காப்பகத்தோடு சேர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு இருந்தது. படிவம் உற்சாகமாகக் கிளம்பி, துறைமுக ஊர் ஒன்றின் பகல்நேரக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே பணிப்பெண் செல்வக்கனி, சவரிமுத்துவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சவரிமுத்து விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டிய மெக்கானிக். பக்கவாதம் வந்து நாலு மாதமாக வலது கை அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. படிவம் அவளுடைய கையிலிருந்த கரண்டியிடம் விசாரணையைத் தொடங்கியது.

"மூலப்பொருள்?"

"கஞ்சி," என்றது கரண்டி.

"உற்பத்தி?"

"கஞ்சி தீர்ந்துபோகும்."

"கடைசியில் கையிருப்பு?"

"ஒண்ணும் மிஞ்சாது. நாலு மணிக்கு மறுபடி பசிக்கும்."

படிவம் அசரவில்லை. இந்த மாதிரி இடங்களுக்கென்றே அதன் அடியில் ஒரு விதி அச்சாகியிருந்தது: விலைக்கு விற்காத சேவைக்கு, ஆன செலவையே உற்பத்தியாக எழுத வேண்டும். அதைக் கரண்டிக்குப் படித்துக் காட்டியது.

கரண்டி திருப்பிக் கேட்டது: "அப்போ கஞ்சி கைதவறிக் கொட்டிப்போனா, திரும்பக் காய்ச்சணும். செலவு கூடும். உங்க கணக்குப்படி நாங்க அதிகமா உற்பத்தி செஞ்சதா ஆகுமா?"

"ஆகும்," என்றது படிவம். தான் சொன்ன பதில் தனக்கே பிடிக்காமல் போனது அதற்கு அதுதான் முதல் தடவை.

உடனே திரும்ப மனம் வரவில்லை. ஒரு வாரம் அங்கேயே தங்கிப் பார்த்தது. ஊட்டி முடிக்கும் முன் தினமும் ஒரு தடவை செல்வக்கனி கரண்டியை அவருடைய வலது கையில் வைப்பாள். அது விழும். கழுவிக்கொண்டு வந்து மறுபடி வைப்பாள். அப்போதும் விழும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஐந்தாம் நாள் அவள் கரண்டியை வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். "இன்னிக்கு நான் புடிக்க மாட்டேன் அண்ணாச்சி," என்றாள்.

அவர் கையில் கரண்டி நடுங்கிக்கொண்டே மேலே ஏறியது. பாதிக் கஞ்சி சட்டையில் சிந்தியது. மீதி வாய்க்குள் போனது. சவரிமுத்து அதை விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

"உப்பு கம்மி," என்றார் பிறகு.

நாலு மாதத்தில் அவர் சாப்பாட்டைக் குறை சொன்னது அன்றைக்குத்தான். உப்பு எடுக்க உள்ளே போன செல்வக்கனி திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று.

படிவம் தன் கட்டங்களைப் பார்த்தது. நாளையிலிருந்து ஊட்டும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் செலவு குறையும். செலவு குறைந்தால் உற்பத்தி குறையும். அந்தக் காப்பகம் செய்த ஆகச்சிறந்த வேலை, அதன் கணக்கில் நஷ்டமாக விழப்போகிறது.

அது உற்பத்திக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு அலுவலகம் திரும்பியது. எல்லாப் படிவங்களையும் கூட்டிப் பார்க்கும் பேரேடு அங்கே இருந்தது. நடந்ததைப் படிவம் ஒன்றுவிடாமல் சொன்னது. பேரேடு கெட்டதில்லை, அதற்கு வேலை அதிகம். போன வருஷச் செலவைப் போட்டு முடித்துவிடச் சொன்னது.

"முடியாது," என்றது படிவம். "என்னிடம் ஒரு கட்டம் குறைகிறது. காப்பகத்துக்கு வந்ததால் யாரால் என்ன செய்ய முடிந்தது? இந்தக் கேள்விக்கு இடம் வேண்டும்."

என்றைக்குமே கை தூக்க முடியாதவர்களை என்ன செய்வது என்று பேரேடு கேட்டது.

"அவர்கள் இன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்கள். அதையும் எழுதலாம்."

பேரேடு தன் தாள்களைப் புரட்டியது. "கட்டம் சேர்த்தால் எல்லாவற்றையும் புதிதாக அச்சடிக்க வேண்டும். பன்னிரண்டு கட்டக்காரர்கள் அத்தனை பேரும் பழைய காகிதம். நீயும்தான். தெரியுமா?"

"தெரியும். முதலில் சவரிமுத்து பேரை எழுதிக்கொள்ளுங்கள்."

அடுத்த மாதம் பதின்மூன்று கட்டங்களோடு புதுப் படிவங்கள் வந்தன. காப்பகத்தை யாரும் மூடவில்லை. பழைய படிவங்கள் கட்டுக் கட்டாகக் காகிதக் கடைக்குப் போயின. ஒரு கட்டிலிருந்து நழுவிய நம் படிவத்தைக் கடைக்காரர் தனியாகத் தராசில் போட்டார். முள் அசையவே இல்லை.

அந்தத் தராசின் மேல் படிவத்துக்குக் கோபம் வரவில்லை. கரண்டியின் முன்னால் தானும் ஒருநாள் அப்படித்தான் அளக்கத் தெரியாமல் நின்றது.