மாதுளங்கிளையில் ஒரு சின்ன வாசல்

அந்தக் காலத்தில் பறவை பேசினால் பூ பதில் சொல்லும், பூ பேசினால் பறவை நின்று கேட்கும். அப்படி ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இருந்த நாளில், ஒரு வாய்க்கால் கரை வாழைத்தோப்பில் ஒரு தேன்சிட்டுக் குடும்பம் இருந்தது. ஆண் சிட்டுக்கு மினுக்கன் என்று பேர். வெயில் பட்டால் அவன் கழுத்து ஒரு பக்கம் ஊதாவாய், ஒரு பக்கம் பச்சையாய் மின்னும். அதனால் அந்தப் பேர். பெண் சிட்டு பூவாயி. அவளுக்கு மினுக்கு ஒன்றும் கிடையாது. மண் நிற முதுகு, மஞ்சள் வயிறு, எதையும் தப்ப விடாத கண். அவ்வளவுதான்.

மினுக்கனுக்குத் தேன் என்றால் உயிர். அதிலும் வாழைப்பூத் தேன் என்றால் கேட்கவே வேண்டாம். மடலுக்கு அடியில் சீப்புச் சீப்பாய் நிற்கும் சின்னப் பூக்களில் ஒன்றைப் பிடித்தான் என்றால், அதன் அடி தெரியும் வரை உறிஞ்சி, அதற்கப்புறமும் நாக்கை விட்டுத் துழாவி வழித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவான்.

"மாப்பிள்ளே, வண்டுக்கும் ஒரு வாய் விட்டு வைங்களேன்" என்று வாழைப்பூ கெஞ்சும்.

"விட்டு வச்சா வெயில்ல காஞ்சுதான போகும் அத்தே? வீணாப் போறது என் வயித்துக்குள்ள போகட்டுமே" என்பான் மினுக்கன். சொல்லிவிட்டு இன்னொரு பூவையும் வழிப்பான்.

அப்போதெல்லாம் தேன்சிட்டுகள் மரக்கவட்டையில்தான் கூடு கட்டும். மேலே கூரை கிடையாது, வாசல் என்று ஒன்றும் கிடையாது. சும்மா கிண்ணம் மாதிரி இருக்கும். இவர்களும் ஒரு மாமரக் கவட்டையில் கட்டினார்கள். பூவாயி இரண்டு முட்டை இட்டாள். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் செண்பகம் என்கிற செம்போத்துப் பறவை வந்தது. கனத்த உடம்பு, ரத்தச் சிவப்பில் கண். இரண்டு முட்டையையும் விழுங்கிவிட்டுப் போய்விட்டது.

பூவாயி சத்தம் போட்டு அழவில்லை. இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை. மூன்றாம் நாள் தோப்பையே சுற்றிச் சுற்றி வந்து, கிணற்றடியில் நின்ற மாதுளை மரத்தைத் தேர்ந்தெடுத்தாள். அதிலும் பெரிய கிளை இல்லை, நுனியில் ஈர்க்குச்சி தண்டியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சிம்பு.

"இதுல எப்படி புள்ள குடியிருக்கிறது?" என்றான் மினுக்கன்.

"செண்பகம் வந்து உட்கார்ந்தா கிளை தாங்காது. நம்ம ரெண்டு பேரு மட்டும்தான் வந்து போக முடியும்" என்றாள் அவள்.

சிலந்தி நூலை இழுத்து, வாழை நாரைச் சுற்றி, சிம்பின் நுனியில் ஊஞ்சல் மாதிரி ஒரு கூட்டைத் தொங்கவிட்டாள். மறுபடியும் இரண்டு முட்டை இட்டாள்.

நம்ம ரெண்டு பேரு என்று அவள் சொன்னதில்தான் சிக்கல். அது வாழை பூத்துக் குலுங்கிய பருவம். மினுக்கன் வயிறு எலுமிச்சங்காய் மாதிரி உருண்டிருந்தது. அவனால் அந்தச் சிம்பில் உட்கார முடியவில்லை. நாலு அடி தள்ளிப் பருமனான கிளையில் உட்கார்ந்து, அங்கிருந்தே பெண்டாட்டியிடம் பேசுவான்.

அந்த வழியாகப் போன அணிலுக்கு இது போதாதா? "என்னடா மினுக்கா, உன் வீட்டுக்கே நீ விருந்தாளியா? உள்ள கூப்பிட மாட்டேங்குறாளா?"

"காத்து வாங்குறேன், போடா உன் வேலையப் பாத்துக்கிட்டு."

அணில் போன பிறகு பூவாயி சொன்னாள். "இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்ல குஞ்சு பொரிச்சிரும். ரெண்டு வாய்க்கும் என் ஒருத்தியால இரை கொண்டாந்து கட்டுபடி ஆகாதுங்க. நீங்களும் வந்து ஊட்டணும். இல்லாட்டி ஒண்ணு பொழைக்கும், ஒண்ணு பொழைக்காது."

மினுக்கனுக்கு நெஞ்சில் முள் தைத்தது போல் இருந்தது. "இந்தா பாரு புள்ள, இனிமே தேன் இருக்கிற பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"அப்படியெல்லாம் யாரு சொன்னா?" என்றாள் அவள். அவன் காதில் விழவில்லை. வீராப்பு வந்தால் அவனுக்குக் காது கேட்காது.

முதல் நாள் கொசுவும் சிலந்தியும் தின்றான். பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் வாழைத்தோப்பைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பறந்து, ஒரு தென்னை மட்டையில் மோதிக்கொண்டான். மூன்றாம் நாள் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான். நாலாம் நாள் காலையில் புது மடல் ஒன்று விரிந்து, அதன் வாசனை காற்றில் வந்தது.

"ஒரே ஒரு வாய்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான்.

தலையை நிமிர்த்தியபோது உச்சி வெயில். ஒரு சீப்புப் பூ முழுக்கக் காலி. கூடவே பக்கத்து மரத்துச் சீப்பும்.

"மூணு நாள் பட்டினிக்கும் சேத்து வச்சுக் குடிச்சீங்களோ?" என்றது வாழைப்பூ. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. உடனே போய்ப் பூவாயியிடம் சொல்லிவிட வேண்டும், அவள் திட்டினாலாவது மனசு ஆறும் என்று நினைத்தான். வயிறு கனக்க, தலை கிறுகிறுக்க நேராகப் பறந்து வந்தவன், நினைப்பில்லாமல் அந்தச் சிம்பிலேயே போய் உட்கார்ந்துவிட்டான்.

சிம்பு சரேலென்று கீழே இறங்கியது. கூடு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்த பூவாயி இரண்டு சிறகையும் விரித்து முட்டைகளின் மேல் கவிழ்ந்தாள்.

"ஐயோ, செண்பகம்! செண்பகம் வந்திருச்சு! என்னங்க, எங்க இருக்கீங்க? ஓடி வாங்களேன்!"

செண்பகம் என்று அவள் கத்தியது தன்னைத்தான் என்று மினுக்கனுக்குப் புரிந்தது. பிடியை விட்டான். தொப்பென்று தரையில் விழுந்தான். சிம்பு மேலே போய் ஆடி நின்றது.

"நான்தான் புள்ள" என்றான் கீழேயிருந்து.

பூவாயி எட்டிப் பார்த்தாள். ஒரு முட்டை கூட்டின் விளிம்பில் நாரில் சிக்கி நின்றது. அதை மூக்கால் மெல்ல மெல்ல உள்ளே உருட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.

"நான் எங்கேயாச்சும் கண்காணாமப் போயிடறேன்" என்றான் அவன்.

"போயி? அங்கேயும் வாழை பூத்திருக்கும்." அவள் குரலில் கோபம் இருந்தது. பாதி கோபம்தான். "நான் உங்களத் தேனை விடச் சொன்னேனா? மூணு நாளா அதத் தொடாம இருந்து உங்க மூஞ்சியப் பாக்க எனக்கே சகிக்கல. தேன் குடிக்காத தேன்சிட்ட வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அப்புறம்?"

"முத வாய்ல இருக்குற ருசி மூணாவது வாய்ல இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

மினுக்கன் யோசித்தான். மூன்றாவது வாய் என்று ஒன்று குடித்ததாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. முதல் வாய் மட்டும்தான் நாக்கில் நின்றது.

"முத வாயோட எந்திரிச்சிருங்க. இறக்கைய அடிச்சு அடுத்த பூவுக்குப் போங்க, பறக்குற பறப்புல வயிறும் கரையும். அதுலயும் முத வாயி. எத்தனை பூ இருக்கோ அத்தனை முத வாயி உங்களுக்கு. யாரு கேக்கப் போறா?"

சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். கூடு சாய்ந்தாலும் முட்டை உருண்டுவிடக் கூடாது என்று திறந்த வாயை நாரால் மூடினாள். பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை மட்டும் விட்டாள். மழை உள்ளே அடிக்காமல் அதற்கு மேல் ஒரு தாழ்வாரம் இழுத்தாள்.

"இதுதான் வாசல். இந்தச் சிம்புல உட்கார்ந்து, நெருக்காம இதுக்குள்ள தலைய நுழைச்சிட்டீங்கன்னா, பிள்ளைங்களுக்கு அப்பன் உண்டு."

மறுநாளிலிருந்து மினுக்கன் வாய்க்கு ஒரு பூ என்று போனான். முதலில் இறக்கை வலித்தது. அப்புறம் ஒரு அதிசயம் நடந்தது. ஒரே தோப்பில் கிடந்தவன் முருங்கைக்குப் போனான், செம்பருத்திக்குப் போனான், வேலியோரத்துக் கற்றாழைப் பூவுக்கும் போனான். முருங்கைத் தேனில் லேசாக ஒரு காரம். கற்றாழையில் அடி நாக்கில் கசப்பு. செம்பருத்தியில் மழைத்தண்ணீர் வாசம். இவ்வளவு நாளும் இதெல்லாம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் அவளிடம் சொல்வான். அவள் அடைகாத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

நடுவில் ஒரு நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "இன்னைக்கு வாழைப்பூ ஒண்ண அடிவரைக்கும் வழிச்சிட்டேன் புள்ள."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"முன்னெல்லாம் மரத்தையே வழிப்பீங்க. ஒண்ணு போனாப் போகுது. நாளைக்கு எந்தப் பக்கம் போறீங்க?"

அவன் சிரித்துவிட்டான்.

முட்டை உடைந்த அன்று காலையிலிருந்து மழை. குஞ்சுகள் இரண்டும் வாயைத் திறந்து கத்தின. பூவாயி, குளிரில் நடுங்கும் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு, வெளியே போக முடியாமல் தவித்தாள். போனால் குளிரும், போகாவிட்டால் பசிக்கும்.

அப்போது கிளை ஆடியது. உலர்ந்த இலை ஒன்று ஒட்டிக்கொண்டது போல, அவ்வளவு லேசாக.

பூவாயி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வந்துட்டீங்களா?" என்றாள்.

மூக்கில் ஒரு குட்டிச் சிலந்தியோடு, மின்னும் தலை ஒன்று அந்தச் சின்ன வாசலில் நெருக்காமல் நுழைந்தது. மழை ஓயும் வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தது அந்தத் தலை. வருகிற வழியில் பூவுக்கு ஒரு வாய் தேன் குடிப்பதையும் அவன் விடவில்லை.

இப்போதும் பாருங்கள், தேன்சிட்டு ஒரு பூவில் ஒரு வாய் வைத்துவிட்டு இறக்கையை அடித்து அடுத்த பூவுக்குப் போய்விடும். ஒல்லிக் கிளை நுனியில் கூட்டைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் ஒரு தலை நுழையும் அளவுக்கு மட்டும் வாசல் வைக்கும். இரண்டும் மினுக்கன் அந்தச் சின்ன வாசலில் தலையை நுழைத்த மழை நாள் முதல் தேன்சிட்டுக் குலத்துக்கே வந்த பழக்கம்தான்.