பாசி போட்ட சம்பந்தம்

தென்காசிக்கு மேற்கே, சாரல் ஓயாத ஒரு சின்ன ஊரில் குற்றாலிங்கம், இலஞ்சிமுத்து, திருமலை என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர வேண்டிய புத்தி மொத்தமும் அவர்கள் தங்கை குழல்வாய்மொழிக்குப் போய்விட்டது. அதில் அவர்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

கேட்டிலிருந்து வீட்டுப்படி வரைக்கும் சிமெண்டுப் பாதை. அது முழுக்கப் பாய் விரித்தாற்போலப் பாசி. முன்பு பெண் பார்க்க வந்த ஒருவர் அதில் சறுக்கி விழுந்து, பெண்ணைப் பாராமலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். இப்போது சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வரன். போட்டோவைப் பார்த்ததுமே குழல்வாய்மொழிக்குப் பிடித்துப்போயிற்று.

"அண்ணே, இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா நான் அழுதுருவேன்," என்றாள்.

தங்கை அழுதால் குற்றாலிங்கத்துக்குச் சோறு இறங்காது. மூத்தவன் வேறு. சுண்ணாம்புக் கடைக்கு ஓடினான்.

"சுண்ணாம்பத் தூவி ஊறவிட்டு, விளக்கமாத்தால தேய்ச்சுக் கழுவுங்க. காயுத வரைக்கும் ஒருத்தரும் கால் வைக்கப்பிடாது," என்றார் கடைக்கார அண்ணாச்சி.

கால் வைக்காமல் எப்படித் தேய்ப்பது? மூவரும் பாதையில் குப்புறப் படுத்து, காலை மேலே மடக்கிக்கொண்டு, வயிற்றால் நகர்ந்து நகர்ந்து தேய்த்தார்கள். வேட்டி பச்சையாயிற்று, பாதை வெளுத்தது. சுரண்டிய பாசியைத் தென்னை மரத்து மூட்டில் குவித்துவிட்டு, காயட்டும் என்று காத்திருந்தார்கள். சாரல் நின்றால்தானே காயும்? தூறலோடு தூறலாக மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

"ஏலே, காயலையே!" குற்றாலிங்கம் ஓடிப்போய்க் கேட்டை மறித்தான். "கால் வைக்கப்பிடாதே!"

"அண்ணாச்சி சொன்னது நமக்குல்லா? இவுக சங்கரன்கோவில்காரங்க," என்றான் திருமலை.

"ஒருத்தரும்னாருல்லா. சங்கரன்கோவிலை மட்டும் விட்டுருங்கன்னாரா?" என்றான் குற்றாலிங்கம்.

இலஞ்சிமுத்து கண்ணை மூடி யோசித்தான். "அப்போ உக்காந்துக்கிட்டு வரட்டும்."

இவ்வளவு பெரிய மூளை தன் தம்பிக்கா என்று குற்றாலிங்கம் பூரித்துப்போனான். உடனே, பிள்ளைகள் உட்கார்ந்து இழுத்து விளையாடும் பாக்குமட்டை, பெரிய கமுகம்பாளை ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, இந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, மறுபேச்சில்லாமல் அதில் ஏறி உட்கார்ந்தார். மூவரும் வயிற்றால் நகர்ந்துகொண்டே இழுத்தார்கள். வெளுத்த பாதையில் பாளை பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டது.

"நான் நடந்தே வந்துருதேன் தம்பி."

"ஐயோ மாமா! காலை ஊணிராதீங்க! காரியம் கெட்டுரும்!"

"பாசி கெடந்திருந்தா சர்ருன்னு போயிருக்கும்," என்றான் திருமலை.

அதற்கென்ன, பாசிக்கா பஞ்சம்? தென்னை மூட்டிலிருந்து கூடை கூடையாக அள்ளி வந்து பாதை நெடுகக் கொட்டினார்கள். பிறகு மூவரும் சேர்ந்து ஒரு தள்ளு தள்ளினார்கள். பெரியவர் படியேறிக் குதித்து, கூடத்தைக் கடந்து, கேசரித் தட்டையும் மடியில் வாங்கிக்கொண்டு அடுப்படியில் குழல்வாய்மொழி முன்னால் போய் நின்றார்.

குழல்வாய்மொழியின் கண்ணில் நீர் திரண்டுவிட்டது.

பெரியவர் ஒரு வாய் கேசரியைத் தின்றார். "பொண்ணைப் பிடிச்சிருக்கு," என்றார். "கல்யாணம் இந்த வீட்டுலதான். எங்க சொந்தக்காரங்க எல்லாரையும் இப்படித்தான் உள்ள கூட்டிட்டு வரணும். இன்னொருக்கா தள்ளுங்கடே!"

மறுநாள் காலையில் குற்றாலிங்கம் மறுபடியும் சுண்ணாம்புக் கடையில் நின்றான். "அண்ணாச்சி, பாசி நல்லாச் செழிச்சு வளர என்ன செய்யணும்?"

அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணுமே செய்யாம சும்மா கெடங்க. தானா வளரும்."

கல்யாணத்துக்கு முந்தின நாள். பந்தல் போடவில்லை, பத்திரிகை கொடுக்கவில்லை, சமையலுக்கும் ஆள் சொல்லவில்லை. மூன்று பேரும் கூடத்தில் பாயை விரித்து வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

"அண்ணே! விடிஞ்சா கல்யாணம்! எந்திரிங்கண்ணே!" என்று கத்தினாள் குழல்வாய்மொழி.

குற்றாலிங்கம் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"சத்தம் போடாத தாயி. பாசி வளந்துக்கிட்டிருக்கு."