தலையணையிலிருந்து பார்த்த கவசம்

இது நான் நேரில் கண்ட கதை இல்லை. பல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த தோழி சொன்னது. அவளும் பாதியைப் பிறர் சொல்லக் கேட்டவள்தான். கேட்டபடி எழுதுகிறேன்.

திருச்சி பாலக்கரையில் ஹாஜிரா என்று ஒருத்தி. செயற்கைப் பல் செய்வது தொழில். மிச்ச நேரத்தில், உள்ளங்கையில் அடங்கும் மார்பளவுச் சிலைகளுக்கு வண்ணம் தீட்டுவாள். வயது இருபத்தெட்டு. அவளிடம் பாடம் கேட்க வந்த துரைக்கண்ணுவுக்கு அறுபத்து மூன்று. பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் பெயின்ட் அடித்தவர். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலியாக. பிறகு அப்படியில்லை.

அவர் வந்தது அண்ணனுக்காக. மாசிலாமணி ஒரு காலத்தில் நாடக மேடையில் ராஜபார்ட். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். தலையைத் திருப்ப முடியாது, பேச்சு மட்டும் மிச்சம். ஒரு நாள் தம்பியிடம் சொன்னாராம்: இருபது வருஷம் தகரக் கவசம் போட்டுக்கொண்டு நின்றேன், அது மேடையில் எப்படி மின்னியது என்று ஊரே பார்த்தது, நான் பார்க்கவில்லை.

துரைக்கண்ணு பார்த்திருக்கிறார். அந்த நாடகங்களில் திரை இழுக்கிற வேலை அப்போது அவருடையது. அண்ணன் போவதற்குள் அதைக் காட்டிவிட வேண்டும்.

ஹாஜிரா பழைய புகைப்படத்தைப் பார்த்து மெழுகில் சிலை செய்து, வார்த்துக் கொடுத்தாள். துரைக்கண்ணு கவசத்துக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொண்டுபோய்க் காட்டினார்.

அண்ணன் பார்த்தார். "டியூப்லைட் தெரியுதுடா" என்றார். வெள்ளிப் பெயின்டில் அறையின் விளக்குதான் மின்னியது, மேடை இல்லை.

திரும்பி வந்தவர் முன்னால் ஹாஜிரா ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தாள். அதில் என்ன நிறம் என்று கேட்டாள். வெள்ளி என்றார்.

"நல்லா பாருங்க ஐயா."

நெடுநேரம் பார்த்தார். ஜன்னல் ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. அவர் சட்டையின் நீலம் இருந்தது. மேஜையின் காவி இருந்தது. விளிம்பில் கருப்பு. வெள்ளி எங்கேயும் இல்லை. டின் டின்னாக வெள்ளி அடித்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நான்கு நிறங்களோடு ஒரு மாதம் உட்கார்ந்தார். சிலையைத் திருப்பித் திருப்பி, எந்தப் பக்கமும் குறை வராமல் மினுக்கம் வைத்தார். பஸ்ஸுக்கு அப்படித்தான் வைப்பார்கள். முடிந்ததைக் கையில் வாங்கிய ஹாஜிரா, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மொத்தத்தையும் துடைத்தாள்.

எல்லாப் பக்கமும் வெளிச்சம் வைத்தேனே என்றார் அவர்.

"மேடையில வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சு?"

துரைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். மேடை விளிம்பில், தரையோடு தரையாக விளக்கு வரிசை. வெளிச்சம் கீழிருந்து மேலே போகும். மார்க்கவசத்தின் அடி விளிம்பு வெள்ளையாக எரியும், தோள் இருட்டில் கிடக்கும். அண்ணன் மூச்சை இழுத்து வசனம் எடுக்கும்போது அந்த வெள்ளைக் கோடு விரற்கடை அளவு மேலே ஏறும். திரைக் கயிற்றைப் பிடித்தபடி தம்பி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு முறை திரையை விட மறந்து அண்ணனிடமே திட்டு வாங்கியிருக்கிறார்.

மறுநாள் ஹாஜிரா அவர் வீட்டுக்கு வந்தாள். கட்டிலுக்கு எதிரே சுவர்ப் பலகையில் சிலையை வைத்தாள். பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, அவர் தலையணை ஓரமாகத் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"இங்கேருந்து மட்டும் மின்னினா போதும்" என்றாள்.

அதன்பின் ஒவ்வொரு கோட்டுக்கும் துரைக்கண்ணு சிலையைப் பலகையில் வைத்து, கட்டிலருகே மண்டியிட்டு, பார்த்து, எழுந்தார். நாற்பது நாள். முழங்கால் வீங்கியது. உயிரோடு இருக்கும்போதே விழுந்து கும்பிடுகிறாயே, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று அண்ணன் கிண்டல் செய்தார்.

முடிந்த அன்று மாசிலாமணி சிலையையே பார்த்தபடி கிடந்தார். பிறகு சொன்னார்:

"கண்ணு கூசுதுடா. கொஞ்சம் தள்ளி வை."

தம்பி தள்ளி வைக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தது. அன்று நலம் விசாரிக்கச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சிமென்ட் பூசினாற்போல் இருக்கிறதே என்றார் ஒருவர். பிரைமர் அடித்தாயிற்று, பெயின்ட் எப்போது என்றார் இன்னொருவர். துரைக்கண்ணு எழுந்து நின்று பார்த்தார். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அன்றிலிருந்து மனத்தில் ஒரு முள். அண்ணன் நடிகர்.

சிலையைத் தூக்கிக்கொண்டு ஹாஜிராவிடம் போனார்.

"அண்ணன் எனக்காக நடிச்சிட்டாரோன்னு இருக்கு டீச்சர். மேலாப்புல கொஞ்சம் வெள்ளி வச்சுக் குடுங்க. வர்றவங்களுக்கும் மின்னட்டும்."

"வந்தவங்க எங்க நின்னு பாத்தாங்க?"

"வாசல்ல."

"அண்ணன்?"

ஹாஜிரா வெள்ளிப் பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து சிலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எல்லாருக்கும் மின்னுறது கடையிலயே கிடைக்குதுங்க ஐயா."

துரைக்கண்ணு சிலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

கேட்டதை மட்டும் நம்பி எழுத மனம் வராமல், பிறகு ஒருமுறை அந்த வீட்டைத் தேடிப் போனேன். மாசிலாமணி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டில் காலியாகக் கிடந்தது. பலகையில் சிலையின் அடியைச் சுற்றி ஒரு பென்சில் கோடு இருந்தது, தூசி துடைப்பவர்கள் இடம் மாற்றி வைத்துவிடாமல் இருக்க. கோடு மங்காமல், மறுபடி போட்டது போலப் புதிதாக இருந்தது.