கம்போடு போனவன்

ஜெயசீலி மிஸ்ஸுக்குத் தாடியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. கழுத்தில் ஒரு விசில், தலையில் வெயிலுக்கு ஒரு தொப்பி, அவ்வளவுதான். புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கேள்வி கேட்டால் பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. விசில் ஊதுவார். கேட்டவன் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வருவதற்குள் கேள்வி பெரும்பாலும் மறந்து போயிருக்கும்.

மாயழகு அப்படி எத்தனையோ கேள்விகளை ஓடியே தொலைத்தவன். அவன் டெக்கத்லான் வீரன். இரண்டு நாளில் பத்துப் போட்டி. ஓட வேண்டும், தாண்ட வேண்டும், எறிய வேண்டும், எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். பிளஸ் டூ முடிக்கிற வருஷம் மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினான். பத்தாவது போட்டியான ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் நாக்குத் தள்ளக் கடைசி ஆளாகத்தான் வந்தான். ஆனாலும் முதல் ஒன்பதில் அவன் அள்ளி வைத்திருந்த புள்ளிகளை ஒருவனாலும் எட்ட முடியவில்லை.

பத்தில் அவனுக்கு உயிர் கோலூன்றித் தாண்டுவது. அதற்கான ஃபைபர் கம்பை மிஸ் நாயாய் அலைந்து வாங்கிக் கொடுத்திருந்தார். அதை வேறு யாராவது தொட்டால் மாயழகுக்குச் சோறு இறங்காது. போட்டிக்குப் போகிற ஊர்களில் கம்பின் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். கூட வருகிற பையன்கள் அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று கேலி செய்வார்கள்.

தங்கம் வாங்கியதும் கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிட்டன. தட்டிக் கழித்தது போகக் கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று சென்னையில், ஒன்று திருநெல்வேலிப் பக்கம். சென்னை என்றதும் அப்பா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அங்கே படித்தவர்களெல்லாம் ரயில்வேயில் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது உண்மையும்கூட.

மாயழகு மிஸ்ஸிடம் போய் நின்றான்.

"எந்தக் காலேஜ்ல சேர்றது மிஸ்?"

"ரெண்டையும் போய்ப் பாத்துட்டு வா. கம்பை எடுத்துட்டுப் போ."

"சும்மா பாக்கத்தான போறேன். கம்பு எதுக்கு மிஸ்?"

மிஸ் விசிலை வாயில் வைத்தார். அவன் ஓடினான்.

அவ்வளவு நீளக் கம்பை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது யானையைக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி. பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். ரயிலில் ஜன்னல் கம்பிகளோடு சேர்த்து வெளிப்பக்கமாகக் கட்டினான். கட்டினாலும் மனசு கேட்கவில்லை. கையை வெளியே விட்டு அதைப் பிடித்துக்கொண்டே சென்னைக்குப் போய்ச் சேர்ந்தான்.

சென்னைக் கல்லூரியைப் பார்த்து அவன் அசந்துபோனான். செக்கச்செவேலென்று செயற்கை ஓடுதளம். விடுதியில் வேளாவேளைக்கு முட்டை. பயிற்சியாளர் பெரிய ஆள். பையனிடம் மரியாதையாகப் பேசினார், பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீளம் தாண்டுவதில் உனக்கு இருக்கிற மாதிரிக் கால்கள் லட்சத்தில் ஒருவனுக்குத்தான் இருக்கும், மற்ற ஒன்பதையும் விட்டுவிட்டு வா, இந்தியச் சட்டை போட வைப்பது என் பொறுப்பு என்றார். கோலூன்றித் தாண்ட மெத்தை எங்கே என்று மாயழகு கேட்டான். இங்கே அது தேவைப்படுவதில்லை என்றார். வாசலில் காவலாளி கம்பை சைக்கிள் ஸ்டாண்டில் சாத்திவிட்டுப் போகச் சொன்னதையும் மீறி அவன் அதைத் தோளில் சுமந்தபடியே வளாகம் முழுக்கச் சுற்றினான். திரும்புகிற வழியிலும் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் உட்கார்ந்திருந்தான்.

ஒருநாள் கழித்துத் திருநெல்வேலிக்குக் கிளம்பினான். அங்கே வெறும் மண் ஓடுதளம். முந்தின நாள் தூறலில் பாதி சேறாகிக் கிடந்தது. விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. சென்னையே சரி என்று மனசுக்குள் முடிவு கட்டியபடி மைதானத்துப் பக்கம் போனான். மெத்தை போட்டு நான்கு பேர் கோலூன்றித் தாண்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேரும் டெக்கத்லான்காரர்கள். இவனை ஒருவரும் கவனிக்கவில்லை. இவன் கம்பைத்தான் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஒரு தடவ தாண்டிப் பாக்கட்டுமால?" என்றான் அவர்களில் மூத்தவனான சுடலைமுத்து.

முடியாது என்று சொல்லத்தான் மாயழகு வாயைத் திறந்தான். அதற்குள் கை கம்பை நீட்டிவிட்டிருந்தது.

நான்கு பேரும் தாண்டினார்கள். பிறகு அவர்களுடைய கம்பு ஒன்றை இவன் கையில் கொடுத்தார்கள். அது கொஞ்சம் நீளமானது, விறைப்பானது. பிடியை ஒரு சாண் மேலே ஏற்றிப் பிடி என்று அங்கிருந்த பயிற்சியாளர் சொன்னார். அன்று அவர் சொன்னது அது ஒன்றுதான். முதல் தடவை குறுக்குக் கம்பி விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை மாயழகு ஓடி, ஊன்றி, எழும்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டே மறுபக்கம் விழுந்தான். மேலே பார்த்தால் கம்பி அசையாமல் இருந்தது. வாழ்க்கையில் அவன் அந்த உயரத்தைத் தொட்டதே இல்லை. நான்கு பேரும் கத்திக்கொண்டு மெத்தையில் அவன் மேலேயே வந்து விழுந்தார்கள்.

சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அது அடங்குவதற்குள் ஆயிரத்து ஐந்நூறு ஓடக் கூப்பிட்டார்கள். அவன் வெறுக்கிற ஓட்டம். சேற்றில் ஐந்து பேரும் பேசிக்கொண்டே ஓடினார்கள். இவன் மூன்றாவதாக வந்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அடித்துப் பிடித்து ஸ்டேஷனுக்கு வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் காலையில் மிஸ் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மாயழகு அவர் பின்னாலேயே நடந்தபடி எல்லாவற்றையும் ஒப்பித்தான். ஓடுதளம் சென்னையில்தான் நல்லது. சாப்பாடு சென்னை. வேலை சென்னை. அப்பாவுக்குச் சென்னை. திருநெல்வேலியில் சேறுதான் இருக்கிறது. அறிவு சென்னை என்கிறது, ஆனாலும் ஏனோ அதைச் சொல்ல வாய் வரவில்லை, இன்றைக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்களே ஒண்ணு சொல்லிருங்க மிஸ். நான் கேட்டுக்கறேன்."

மிஸ் கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கம்பு எங்கடா?"

மாயழகு தோளைத் தொட்டுப் பார்த்தான். வெறும் தோள்.

திருநெல்வேலியில் அந்த நான்கு பேருடைய கம்புகளுக்கு நடுவே அவன் கையாலேயே அதைச் சாத்தி வைத்தது நினைவுக்கு வந்தது. ரயிலில் ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் தலைக்கு அடியில் மடித்து வைத்து, ஊர் வரும்வரை நன்றாகத் தூங்கியிருந்தான்.

"மறந்துட்டேன் மிஸ்," என்றான். "இப்பவே போய் எடுத்துட்டு வந்துடறேன்."

அவன் கேட் வரைக்கும் ஓடிவிட்டான். பின்னால் விசில் சத்தம் கேட்டது. நின்று திரும்பினான். ஜெயசீலி மிஸ் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

"போறது போற, பெட்டியையும் கட்டி எடுத்துட்டுப் போ. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."